கூடவே வந்த தொட்டில்

மாவடு போடும் பக்குவம் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. விளக்கெண்ணெய் அளவு கேட்ட சகோதரிகளுக்கு அடுத்த இதழில் விவரமாகப் பதில் சொல்கிறேன். இந்தத் தடவை விஷயம் வேறு. சமையலறையில் நடந்தது இல்லை, கூடத்தில் நடந்தது. கம்ப்யூட்டர் சமாசாரம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மிக்ஸியில் ஃபியூஸ் போனாலே மகனைக் கூப்பிடுகிறவள் நான். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாதா என்ன?

மருமகளைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும். என் பேரை மட்டும் போடாதீங்க" என்றாள். போடவில்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜன்னலை ஒட்டி ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எல்லோருக்கும் பொது. என் கணவர் காலையில் பேப்பர் படிப்பார், மகன் கரண்ட் பில் கட்டுவான், நான் கோலமும் ஸ்லோகமும் பார்ப்பேன். போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், எல்லோரும் படுத்திருந்த வேளையில், மருமகள் அதில் உட்கார்ந்து ஃபோலிக் ஆசிட் மாத்திரை பற்றித் தேடிப் படித்திருக்கிறாள். ஆறாவது வாரம். அவளுக்கும் என் மகனுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எனக்குக்கூடத்தான். மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்களாம். நியாயம்தானே? நம் பாட்டிமார்கள் காலத்திலும் அப்படித்தான், மூன்று மாதம் முடிந்த பிறகுதான் வெளியே சொல்வார்கள்.

இரண்டு நாள் கழித்து என் ஓரகத்தி வந்தாள். பட்டுப் புடவை விலை பார்க்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். புடவைக்கு இந்தப் பக்கம் ஒரு மரத் தொட்டில், அந்தப் பக்கம் கர்ப்பிணிகளுக்கான நைட்டி, கீழே பிறந்த குழந்தைக்கான துணித் தொப்பி! "என்னக்கா, வீட்டுல விசேஷமா? எங்ககிட்டகூட மறைக்கிறீங்களே!" என்று சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் திருதிருவென்று விழித்தேன். அந்த நேரம் பார்த்து காபி டம்ளர்களோடு மருமகள் சமையலறை நிலைப்படியில் நிற்கிறாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. என் வீட்டு நல்ல செய்தியை எனக்குச் சொன்னது என் பிள்ளை இல்லை, மருமகள் இல்லை. ஒரு தொட்டில் விளம்பரம்.

ஓரகத்தி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் கண்ணில் பட்டதைக் கேட்டாள். ஆனால் சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

பத்தாவது வாரத்தில் அது கலைந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆரம்ப மாதங்களில் கரு கலைவது பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறினால்தான். மாடிப்படி ஏறியதாலோ, பப்பாளித் துண்டு ஒன்றைத் தின்றதாலோ அல்ல. இதை டாக்டரம்மா எனக்கும் என் மகனுக்கும் நிதானமாக எடுத்துச் சொன்னார். ஆனால் விசாரிக்க வந்தவர்களுக்கு யார் சொல்வது? யாருக்குமே தெரியாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் தன் துக்கத்தைத் தன்னோடு வைத்து ஆற்றிக்கொண்டிருப்பாள். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

அதைவிடக் கொடுமை, அந்தத் தொட்டில் போகவில்லை. மழை வருமா என்று பார்த்தால் ஓரத்தில் தொட்டில். கோலம் பார்த்தால் தொட்டில். செய்தி படித்தால் நடுவில் பால் புட்டி. குழந்தை இல்லை என்பது எங்களுக்குத் தெரியும், விளம்பரக்காரனுக்குத் தெரியாதே! மருமகள் கூடத்துப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். வேறு வழி தெரியாமல் நான் கம்ப்யூட்டர் மேல் ஒரு டவலைப் போட்டு மூடி வைத்தேன். டி.வி.யை மூடுவதுபோல! இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

பொங்கலுக்கு என் தங்கை மகன் வந்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். டவலைப் பார்த்துவிட்டு, "என்ன பெரியம்மா, கம்ப்யூட்டருக்குக் குளிருதா?" என்று கேலி செய்தான். மருமகள் அந்தப் பக்கம் போன பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவன் கேலியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தான். அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

இன்டர்நெட்டில் எதைப் பார்ப்பதானாலும் நடுவில் ஒரு ஜன்னல் வேண்டும். அந்த ஜன்னலுக்குத்தான் பிரவுசர் என்று பெயர். கம்ப்யூட்டரோ போனோ வாங்கும்போதே ஒரு பிரவுசர் அதில் இருக்கும். அதைத்தான் நம்மில் பெரும்பாலோர் உபயோகிக்கிறோம். வேறு ஜன்னலும் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்தது குக்கீ. தின்கிற பிஸ்கெட் இல்லை! நாம் போய்ப் பார்க்கிற இடம் நம் கம்ப்யூட்டரில் விட்டுவிட்டுப் போகிற ஒரு சின்னக் குறிப்புச் சீட்டு. 1994-ல் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்ற கம்பெனியில் லூ மான்டுல்லி என்பவர் கண்டுபிடித்தது. கெட்ட எண்ணத்தில் செய்தது இல்லை. கடையில் கூடையில் போட்ட சாமான் நாம் அடுத்த பக்கம் போனதும் மறந்துபோகாமல் இருக்க ஏற்பாடு. நம் மளிகைக் கடை அண்ணாச்சி கணக்கு நோட்டில் நம் பேருக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறார் அல்லவா, அதுபோலத்தான். அதில் யாருக்கு என்ன ஆட்சேபணை?

வினை எங்கே வந்தது என்றால், மூன்றாவது மனிதரால். கடைத் தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரே ஆள் நோட்டும் கையுமாக நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மருந்துக் கடைக்குள் நுழைந்ததையும் எழுதிக்கொள்கிறான், புடவைக் கடைக்குப் போனதையும் எழுதிக்கொள்கிறான், டாக்டர் வீட்டு வாசலிலும் அவனே நிற்கிறான். அவனிடம் நீங்கள் எதுவும் வாங்கவில்லை, அவன் யார் என்றே உங்களுக்குத் தெரியாது. ஆனால் புடவைக் கடையில் நீங்கள் ஓரகத்தியோடு உட்கார்ந்திருக்கும்போது வந்து, "அம்மா, தொட்டில் வேணுமா?" என்று சத்தமாகக் கேட்கிறான். பல பக்கங்களிலும் விளம்பரம் போடுகிற கம்பெனிகள் வைக்கிற குக்கீ இந்த வேலையைத்தான் செய்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது அதேதான்.

தங்கை மகன் போட்டுக் கொடுத்த ஜன்னலுக்கு ஃபயர்ஃபாக்ஸ் என்று பெயர். படத்தில் நரி வால் சுருட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் சிக்கிம், டார்ஜிலிங் மலைக் காடுகளில் இருக்கும் செம்பாண்டாவுக்கும் உண்டாம். நரியோ பாண்டாவோ, எனக்கு வேலை நடந்தால் சரி. 2004 நவம்பரில் இதன் முதல் பதிப்பு வந்தது. மொசில்லா என்ற லாப நோக்கமில்லாத அறக்கட்டளையின் கீழ் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், குக்கீ பிறந்த அந்த நெட்ஸ்கேப் கம்பெனி 1998-ல் வெளியே விட்ட நிரலிலிருந்துதான் இந்த மொசில்லா வம்சமே கிளம்பியது. தாத்தா வீட்டில் பிறந்த பண்டத்துக்குப் பேரன் பூட்டுப் போடுகிறான்!

அந்தப் பூட்டைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 2019-லிருந்தே, தெரிந்த வேவுக்காரர்களின் குக்கீயை நாம் சொல்லாமலே தடுத்துவிடுகிற ஏற்பாடு இதில் உண்டு. 2022 ஜூனில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். "டோட்டல் குக்கீ புரொடெக்‌ஷன்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கேட்டவுடனே ஞாபகம் வந்தது நம் அஞ்சறைப் பெட்டிதான். கடுகு கடுகுக் கிண்ணத்தில், சீரகம் சீரகக் கிண்ணத்தில். ஒரு கிண்ணத்தில் இருப்பது இன்னொன்றில் சிந்தக் கூடாது. அதுபோல மருந்துக் கடைப் பக்கத்தில் வைத்த சீட்டு அந்தக் கிண்ணத்தோடு சரி. புடவைக் கடைக் கிண்ணத்துக்குள் அதை எடுத்துப் பார்க்க முடியாது. அந்த நோட்டுக்காரன் இரண்டு வாசலிலும் நின்றாலும், அங்கே வந்தவளும் இங்கே வந்தவளும் ஒரே ஆள் என்று குக்கீயை வைத்துச் சொல்ல அவனால் ஆகாது. அண்ணாச்சியின் கணக்கு நோட்டு மட்டும் அப்படியே இருக்கும், ஆகவே கூடையில் போட்ட சாமான் காணாமல் போகாது.

இதற்கு நாம் எதையும் அழுத்த வேண்டியதில்லை, போட்ட உடனே வேலை செய்கிறது. இன்னும் கண்டிப்பு வேண்டும் என்றால் வலது பக்கம் மேலே மூன்று கோடு இருக்கும். அதைத் தொட்டு, செட்டிங்ஸ், அதற்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி. ஸ்டாண்டர்ட் என்பதற்குப் பதில் ஸ்ட்ரிக்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். இதில் ஒரு தொந்தரவும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். சில பக்கங்கள் சரியாகத் திறக்காது. ஒரு நாள் பணம் கட்டுகிற பக்கம் பாதியில் நின்றுபோய் என் கணவர், "உன் நரி என் பணத்தைத் தின்னுடுச்சு!" என்று கத்தினார். தின்னவில்லை. விலாசம் எழுதுகிற இடத்துக்கு இடது ஓரத்தில் கேடயம் மாதிரி ஒரு படம் இருக்கிறது. அதைத் தொட்டு, அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் காவலைத் தளர்த்தினோம், திறந்துகொண்டது.

அதே இடத்தில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. ஜன்னலை மூடும்போதெல்லாம் குக்கீகளை அழித்துவிடு என்று சொல்லி வைக்கலாம். பலர் உபயோகிக்கிற பொதுக் கம்ப்யூட்டருக்கு இது மிகவும் நல்லது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாற்போல மறுநாள் சுத்தமாக இருக்கும். என்ன, ஒவ்வொரு இடத்திலும் மறுபடி பாஸ்வேர்டு போட்டு நுழைய வேண்டும். என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. அவர் பாஸ்வேர்டை காலண்டர் பின்னால் எழுதி வைத்திருப்பது வேறு கதை.

அடுத்து, பிரைவேட் விண்டோ. இதைப் பற்றித்தான் நம் பெண்களுக்கு நிறையத் தப்பபிப்பிராயம். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் ஒரு தனி ஜன்னல் திறக்கும். அதில் பார்த்ததெல்லாம், மூடியதும் நம் கம்ப்யூட்டரிலிருந்து அழிந்துவிடும். அடுத்து உட்காருகிற மாமியாருக்கோ ஓரகத்திக்கோ தெரியாது. மருமகள் அன்று இதில் தேடியிருந்தால் தொட்டில் வந்தே இருக்காது. ஆனால் இது மாயக் கம்பளி இல்லை. இன்டர்நெட் தருகிற கம்பெனிக்கு நாம் எந்த எந்த இடத்துக்குப் போகிறோம் என்பது தெரியும். உங்கள் பெயரில் உள்ளே நுழைந்த இடத்துக்கு வந்தது நீங்கள்தான் என்று தெரியும். ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் ஆபீஸுக்கும் தெரியலாம். வேலைக்குப் போகிற சகோதரிகள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குக்கீயைத் தடுத்துவிட்டால் வேவு பார்க்க வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. திரையின் அளவு, போட்டிருக்கிற எழுத்துருக்கள், மெஷினின் தன்மை என்று பத்து அடையாளங்களைச் சேர்த்து, "இது இந்த வீட்டு மெஷின்" என்று கண்டுபிடிப்பார்களாம். முகத்தை மூடிக்கொண்டு போனாலும் நடையைப் பார்த்து இன்னார் பெண் என்று சொல்லிவிடுகிற கிழவிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்களே, அந்த வித்தை! நம்மைப்போல் தமிழ் எழுத்துருக்களை விதவிதமாகப் போட்டு வைத்திருப்பவர்கள் இதில் எளிதில் மாட்டிக்கொள்ளலாம். 2025 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் பதிப்பில் இதற்கும் தடுப்பை அதிகப்படுத்தியிருக்கிறார்கள். ஸ்ட்ரிக்ட் வைத்திருப்பவர்களுக்கும் பிரைவேட் விண்டோவுக்கும் அது கிடைக்கிறது.

வாட்ஸப்பில் யாராவது அனுப்பச் சொன்னால், விலாசத்தை காப்பி செய்கிறோம். கேள்விக்குறிக்குப் பிறகு அனுமார் வால்போல நீளமாக ஏதோ வரும். எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்கிற அடையாளம் பெரும்பாலும் அந்த வாலில்தான் இருக்கும். 2023-லிருந்து இதில் மௌஸின் வலது பக்கத்தை அழுத்தினால் வாலை நறுக்கிவிட்டு காப்பி செய்கிற வசதி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். 2025-ல் பக்கங்களை நெடுக்கு வாட்டில் அடுக்குவது, கொத்துக் கொத்தாகக் கட்டி வைப்பது எல்லாம் வந்தது. சமையல் ஒரு கொத்து, வைத்தியம் ஒரு கொத்து என்று மருமகள் கட்டி வைத்திருக்கிறாள். நல்ல வசதிதான், ஆனால் அது இல்லாமலும் நாம் வாழ்ந்தோம்.

ஃபயர்ஃபாக்ஸ் ஒரு குறையும் இல்லாத உத்தமன் என்று நான் சொன்னதாக யாரும் எழுதாதீர்கள். இவர்களுக்கு வருகிற வருமானத்தில் பெரும்பங்கு கூகிளிடமிருந்துதான் வருகிறது, தேடுகிற இடத்தில் கூகிளை முதலில் வைப்பதற்காக! 2024 ஜூலையில் விளம்பரக்காரர்களுக்குக் கணக்குச் சொல்கிற ஒரு ஏற்பாட்டை நம்மைக் கேட்காமலே போட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 2025 பிப்ரவரியில், உங்கள் விவரங்களை விற்கவே மாட்டோம் என்று எழுதி வைத்திருந்த வாக்கியத்தை எடுத்துவிட்டார்கள். கூச்சல் கிளம்பியதும் உபயோக நிபந்தனையை வேறு வார்த்தையில் திருத்தி எழுதினார்கள். இதெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. தங்கை மகனிடம் கேட்டேன், "அப்புறம் எதுக்குடா இதைப் போட்டே?" என்று. "இருக்கிறதுல இதுக்குத் தாழ்ப்பாள் நல்லா இருக்கு பெரியம்மா" என்றான். பிரேவ் என்றும் ஒன்று இருக்கிறதாம். விளம்பரத்தையே வாசலில் நிறுத்திவிடுமாம். நான் உபயோகித்துப் பார்த்ததில்லை, ஆகவே அபிப்பிராயம் சொல்ல மாட்டேன்.

பிரவுசரை மாற்றினால் மட்டும் எல்லாம் தீர்ந்ததா என்றும் கேட்டேன். இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று, கூகிளில் உங்கள் பெயரில் நுழைந்திருந்தால் பிரவுசரை மாற்றினாலும் அது உங்களைத் தெரிந்துகொள்ளும். அதற்கு கூகிள் கணக்கிலேயே "மை ஆட் சென்டர்" என்று ஒரு இடம் இருக்கிறது. கர்ப்பம், குழந்தை வளர்ப்பு சம்பந்தமான விளம்பரங்களைக் குறைத்துக்கொள்ளும்படி அங்கே சொல்லலாம். உடல் எடைக் குறைப்பு விளம்பரத்துக்கும் அப்படியே. 2022-லிருந்து இந்த வசதி இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. தெரிந்திருந்தால் டவலுக்கு வேலை இருந்திருக்காது. இந்த ஒன்றையாவது இன்றே செய்துவிடுங்கள், அதுவும் சமீபத்தில் துக்கப்பட்ட பெண் யாராவது வீட்டில் இருந்தால்.

இரண்டாவது, போனில் போட்டுக்கொள்கிற ஆப்கள். பிரவுசரின் காவல் அவற்றுக்குக் கிடையாது. மாதவிலக்குத் தேதியைக் குறித்துவைக்க நம் பெண்கள் ஆப் வைத்துக்கொள்கிறார்கள். ஃப்ளோ என்ற ஆப், ரகசியமாக வைப்பதாகச் சொல்லிவிட்டு அந்த விவரங்களை ஃபேஸ்புக், கூகிள் உட்பட வெளியாருக்குக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. குற்றம் சாட்டியது. தப்பை ஒப்புக்கொள்ளாமலே 2021-ல் அந்தக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. நாள் குறிக்க நமக்கு ஏன் ஆப்? சமையலறைக் காலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் போதாதா? எங்கள் அம்மா அப்படித்தான் வைப்பார். அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

டவலை எடுத்துத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். மருமகள் உடனே கூடத்துக்கு வந்துவிடவில்லை. முதலில் நான்தான் நாலு நாள் தினமும் உட்கார்ந்து கோலம், செய்தி, மழை என்று எல்லாப் பக்கமும் போய்ப் பார்த்தேன், எங்காவது தொட்டில் நிற்கிறதா என்று. நான் பார்ப்பதை அவள் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கவனித்தேன், கவனிக்காததுபோல இருந்தேன். ஐந்தாம் நாள் அவளே வந்து உட்கார்ந்தாள்.

நேற்று மத்தியானம் நான் உளுந்து நனைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ நெல் விலைச் செய்தி படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று குரல் கொடுத்தாள். "அத்தை, இங்க வந்து பாருங்களேன்! நமக்கு டிராக்டர் வேணுமான்னு கேக்குறான்!"